தங்ளினா, சிட்டி ஹாலா? ஊர்லேர்ந்து பெரியவங்க வந்தா ஒரே ஒரு நாளைக்கு எங்க கூட்டிட்டு போறது

அடுத்த மாசம் எங்க அத்தையும் மாமாவும் ஊர்லேர்ந்து சிங்கப்பூருக்கு வர்றாங்க. மொத்தம் நாலு நாள்தான், அதுல ரெண்டு நாள் சொந்தக்காரங்க வீடு, ஒரு நாள் தேக்காவுல சாமான் வாங்கறது, கோயிலு, மிச்சம் இருக்கறது ஒரே ஒரு சனிக்கிழமை. அந்த ஒரு நாள எங்க செலவு பண்றதுன்னு வீட்ல ரெண்டு வாரமா பேச்சு. பொண்டாட்டி மரினா பேங்கறா, பையன் யுனிவர்சல்ங்கறான், அத அப்பவே தள்ளிட்டோம். நான் யோசிக்கறது ரெண்டே இடம்தான், ஒண்ணு தங்ளின் பக்கம், அதாவது பொட்டானிக் கார்டன், நசிம் ரோடு, டெம்சி அந்த ஏரியா, இன்னொண்ணு சிட்டி ஹால் பக்கம், மியூசியம் எல்லாம் வரிசையா நிக்கற இடம். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா அம்மா வந்து மூணு மாசம் இருந்தப்ப ரெண்டு இடத்துக்கும் நாலஞ்சு தடவ அலைஞ்சிருக்கேன், பட்டும் இருக்கேன். அந்த அனுபவத்த வச்சு எழுதறேன், உங்க வீட்லயும் யாராவது வர்றாங்கன்னா உதவும்.

முதல்ல போக்குவரத்த சொல்லிடறேன், ஏன்னா நாங்க உட்லண்ட்ஸ். ரெண்டு இடத்துக்கும் மாறாம போயிரலாம். பிரவுன் லைன்ல ஏறுனா நேரா நேப்பியர் ஸ்டேஷன், மேல ஏறி வந்தா பொட்டானிக் கார்டனோட தங்ளின் கேட் பக்கத்துலயே வந்துரும். 2022 நவம்பர்ல அந்த ஸ்டேஷன் திறக்கறதுக்கு முன்னாடி ஆர்ச்சர்ட்ல இறங்கி பஸ் புடிக்கணும், இல்ல சர்க்கிள் லைன்ல அந்தப் பக்கம் புக்கிட் தீமா கேட் வழியா வரணும், இப்ப அந்தத் தொல்ல இல்ல. சிட்டி ஹாலுக்கு செவப்பு லைன், அதுவும் ஒரே ட்ரெயின்தான், கொஞ்சம் கூட நேரம் ஆகும், அவ்ளோதான். அதனால நீங்க வடக்கால இருந்தா போக்குவரத்துல ரெண்டும் சமம். ஜூரோங், தெம்பனிஸ் பக்கம் இருக்கறவங்களுக்கு பச்சை லைன் நேரா சிட்டி ஹால் போகுது, அவங்க கணக்கு வேற.

இப்ப தங்ளின். ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு நாம காட்டற சிங்கப்பூர் பெரும்பாலும் அடுக்குமாடி புளோக்கு, மால், உயரமான கட்டடம். இந்தப் பணக்கார ஏரியா அவங்க நெனைக்கற சிங்கப்பூரே கிடையாது. நசிம் ரோட்ல காலங்காத்தால நடந்தா ஒரு பக்கம் தூதரகம், இன்னொரு பக்கம் கேட்டு, கேட்டுக்குள்ள மரம், மரத்துக்குப் பின்னாடி எங்கயோ ஒரு வீடு. இங்க குட் கிளாஸ் பங்களான்னு ஒரு வகை இருக்கு, ஒரு மனை குறைஞ்சது 1,400 சதுர மீட்டர் இருக்கணும், தீவு முழுக்க 39 ஏரியாலதான் அத கட்டவே விடுவாங்க. இத அப்பாகிட்ட சொன்னேன். எங்கப்பா காரைக்குடிப் பக்கம் முப்பது வருஷம் மேஸ்திரி வேல பாத்தவரு, மனசுக்குள்ளயே சதுர மீட்டர சென்ட்டா மாத்திட்டு, "முப்பத்தஞ்சு சென்ட்தானடா, நம்மூர்ல ஆச்சி வீடே இதுக்கு மேல இருக்கும்"னு சொல்லிட்டாரு. எனக்கு சிரிப்பு தாங்கல. இந்த முப்பத்தஞ்சு சென்ட்டுக்கு இங்க என்ன வெலன்னு சொல்லியிருந்தா அங்கயே உக்காந்திருப்பாரு.

சரி, அந்த வீடுகள வெளிய நின்னுதான் பாக்க முடியும். உள்ள போய் பாக்கறதுக்கு இருக்கறது தோட்டம். நம்ம ஆளுங்க இதுக்கு வச்ச பேரு பூமலை, பழைய தமிழ் ஆளுங்க யாரக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவாங்க, எனக்கு அந்தப் பேருதான் புடிக்கும். 1859ல ஆரம்பிச்சது, 82 ஹெக்டேர், 2015 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு, சிங்கப்பூர்ல அந்தப் பட்டியல்ல ஏறுன முதல் இடம் இதுதான். உள்ள போக காசு கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்டு, வெளிநாட்டு ஆளுங்களுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆனா 60 வயசு தாண்டியிருந்தா 3 வெள்ளிதான், அதனால பாஸ்போர்ட்ட கையில வச்சுக்கோங்க. நான் முதல் தடவ அத கொண்டு போகாம போயி வயச எப்படி நிரூபிக்கறதுன்னு முழிச்சது தனிக் கதை.

ஆனா எங்க வீட்ல இந்த இடம் ஜெயிச்சதுக்கு காரணம் இது எதுவுமே கிடையாது. தோட்டம் காலைல 5 மணிக்கே திறந்துரும், அதுதான் காரணம். ஊர்லேர்ந்து வர்ற பெரியவங்க எத்தன மணிக்கு எந்திரிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். எங்கம்மா ஊர் நேரம் நாலரைக்கு எந்திரிக்கறவங்க, அது இங்க ஏழு மணி, சரி ரெண்டு நாள்ல மாறிடும்னு பாத்தா உடம்பு மாறி இங்க நேரம் அஞ்சுக்கே எந்திரிச்சு ஹால்ல லைட்டப் போட்டுட்டு, "இன்னும் தூங்கறியாப்பா"ன்னு கதவுகிட்ட நிப்பாங்க. மியூசியம் எல்லாம் 10 மணிக்குத்தான் திறக்கும். அஞ்சுலேர்ந்து பத்து வரைக்கும் அஞ்சு மணி நேரம் அவங்க வீட்ல உக்காந்து, காபி குடிச்சு, டிபன் சாப்ட்டு, நாலு தடவ "கெளம்பலாமா"ன்னு கேட்டு, கடைசில நாம மியூசியத்துக்குள்ள நுழையறப்ப அவங்களுக்குப் பாதி நாள் முடிஞ்சிருக்கும், மத்தியான சாப்பாடு ஞாபகம் வந்திருக்கும். நான் ரெண்டு தடவ இப்படி ஏமாந்தேன். மூணாவது தடவதான் புரிஞ்சுது, அப்பாவுக்கு மியூசியம் புடிக்காம எல்லாம் இல்ல, அது அவரு நேரத்துக்குத் திறக்கல.

இங்க விடியறதே ஏழு மணிக்குத்தான், அதனால அஞ்சுக்கே போக வேண்டியதில்ல. ஆறு மணி வாக்குல ட்ரெயின் ஏறுனா இருட்டு பிரியற நேரத்துல ஸ்வான் லேக் பக்கம் இருப்பீங்க. ஏழுலேர்ந்து ஒம்பதரை வரைக்கும் சொர்க்கம்தான், தாய் சி பண்றவங்க, நாய கூட்டிட்டு நடக்கற வெள்ளக்காரங்க, புல்லு மேல பனி. அம்மா இட்லிய மொளகாப்பொடி தடவி வாழெலைல கட்டிட்டு வந்திருந்தாங்க, புல்லுல துண்ட விரிச்சு சாப்ட்டோம், யாரும் ஒண்ணும் சொல்லல. அஞ்சு வெள்ளி நோட்டு இருந்தா எடுத்து வச்சுக்கோங்க, அதோட பின்பக்கம் போட்டிருக்கற தெம்புசு மரம் இங்கதான் நிக்குது, கீழ ஒரு கிளை பக்கவாட்டுல நீண்டு போகும், பாத்தவொடன தெரியும். நோட்ட புடிச்சிக்கிட்டு மரத்து முன்னாடி போட்டோ எடுக்காம எங்கம்மா நகரல.

அப்புறம் ஹீலிங் கார்டன்னு ஒண்ணு, மூலிகைத் தோட்டம். உடம்புல எந்த பாகத்துக்கு எது மருந்துன்னு அந்த வரிசைல நட்டு வச்சிருப்பாங்க. செவ்வாய்க்கெழம மூடியிருக்கும், அத மட்டும் பாத்துக்கோங்க. இங்க வந்தப்புறம் கதையே மாறிடுச்சு, அதுவரைக்கும் நான் அவங்களுக்கு விளக்கம் சொல்லிட்டு இருந்தேன், இங்க அம்மா எனக்கு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. போர்டே பாக்காம இல ஒவ்வொண்ணையும் பாத்து இது இதுக்கு, அது அதுக்குன்னு போயிட்டே இருக்காங்க, பின்னாடி ரெண்டு சீனப் பாட்டிங்க நின்னு கவனிக்க ஆரம்பிச்சு, அம்மா தமிழ்ல பேச அவங்க மாண்டரின்ல பேச, மூணு பேரும் ஒரு செடிய வச்சிக்கிட்டு கால் மணி நேரம் கைஜாடைலயே பேசுனாங்க. மூட்டு வலிக்கு என்னமோ முடிவு பண்ணாங்க, எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது என்ன செடின்னு தெரியாது.

மியூசியம்னு பாத்தா இங்க பெருசா கிடையாது, அத ஒத்துக்கணும். ஹோல்ட்டம் ஹால்ல ஒரு சின்ன வரலாற்று மியூசியம், டயர்சால் அவென்யூவுக்கு அந்தப் பக்கம் கேலப் பகுதில ரெண்டு பழைய கறுப்பு வெள்ளை வீடு, ஒண்ணு 1898ல கட்டுனது, இன்னொண்ணு 1906, ஒண்ணுல காட்டப் பத்தின கண்காட்சி, இன்னொண்ணுல செடிகொடி ஓவியங்க. அரை மணி நேரத்துல ஒண்ண முடிச்சிரலாம். ஆனா அந்த ஹோல்ட்டம் ஹால் இருக்கே, நம்ம ஆளுங்க கண்டிப்பா பாக்கணும், ரப்பர் கதை அங்கதான் இருக்கு. பிரேசில்லேர்ந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் 1877ல கன்னுச் செடியா இங்க வந்து சேர்ந்துச்சு. 1888ல இந்தத் தோட்டத்துக்கு டைரக்டரா வந்த ஹென்றி ரிட்லிங்கறவரு மரத்த சாகடிக்காம திரும்பத் திரும்பப் பால் எடுக்கற மாதிரி பட்டைய எப்படி சீவறதுன்னு கண்டுபுடிச்சாரு. சட்டப்பைல ரப்பர் வெதைய போட்டுக்கிட்டு பாக்கற தோட்டக்காரங்ககிட்ட எல்லாம் நடுங்க நடுங்கன்னு சொல்லுவாராம், கிறுக்கு ரிட்லின்னே அவருக்குப் பேரு. அப்புறம் கார் வந்துச்சு, டயர் வேணும்னு ஆச்சு, மலாயா முழுக்க ரப்பர் ஆச்சு, அந்த ரப்பர் தோட்டத்துக்குத்தான் கப்பல் கப்பலா தமிழாளுங்கள கங்காணிங்க கூட்டிட்டு வந்தாங்க.

இத நான் சும்மா படிச்சத சொல்லிட்டு இருந்தேன். அப்பா அப்படியே நின்னுட்டாரு. எங்க தாத்தாவோட தம்பி ஒருத்தரு சின்ன வயசுல மலேயாவுக்குப் போயி பால்மரம் வெட்டுனவரு, திரும்பி வரவே இல்ல, வீட்ல அவரப் பத்தி பேசறதே கொறவு. அப்பா அந்தப் படத்து முன்னாடி பத்து நிமிஷம் நின்னாரு, மரத்துல கோடு கோடா சீவியிருக்கற படம். "இத்தன வருஷமா மலேயா மலேயாங்கறோம், எல்லாம் இந்தத் தோட்டத்துலேர்ந்தா கெளம்புச்சு"ன்னு கேட்டாரு. அந்தப் பக்கம் நசிம் ரோட்டு வீடுங்க, இந்தப் பக்கம் ரிட்லி. நான் மேல எதுவும் பேசல.

தங்ளின்ல கஷ்டம் என்னன்னா நடை. தோட்டத்தோட இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி கிட்டத்தட்ட ரெண்டரை கிலோமீட்டர், மேடு பள்ளம் வேற. முதல் தடவ பதினொரு மணிக்கு தங்ளின் கேட்ல நுழைஞ்சு புக்கிட் தீமா கேட்ல வெளிய வந்துரலாம்னு நெனச்சேன், பாதில அம்மாவுக்கு முட்டி புடிச்சிக்கிச்சு, ஒரு பெஞ்சுல உக்காந்துட்டாங்க, டாக்ஸி உள்ள வராது, மேல வெயிலு, நான் ஓடிப்போயி தண்ணி வாங்கிட்டு வர்றதுக்குள்ள இடி வேற. அன்னைக்கு எடுத்த முடிவு, ஒரு கேட்ல நுழைஞ்சா அதே கேட்டுலதான் வெளிய வரணும், தங்ளின் பக்கம் பாதி மட்டும், அதுக்கு மேல பேராசப்படக் கூடாது. கேலப் வீட்டையும் பாக்கணும்னு ஆசையா இருந்தா அதுக்குத் தனியா கிராப் கார் போடுங்க. ஆர்க்கிட் தோட்டம் நடுவுல இருக்கு, அதுவரைக்கும் போயிட்டுத் திரும்பறதே பெரியவங்களுக்குப் போதும். அங்க தேசியப் பூ வாண்டா மிஸ் ஜோக்கிம் இருக்கு, மண்டேலா, தாட்சர்னு பெரிய ஆளுங்க பேர வச்ச ஆர்க்கிட் எல்லாம் இருக்கு, அம்மாவுக்கு அந்தப் பேரெல்லாம் ஒண்ணும் படல, "இத ஒரு மொழம் கட்டுனா என்னா வெல வரும்"னு கேட்டாங்க.

சாப்பாடு இந்தப் பக்கம் வெல ஜாஸ்தி. பணக்கார ஏரியான்னா காபியே ஏழு எட்டு வெள்ளி. தப்பிக்க வழி, டெம்சில சாமீஸ் கறி. பழைய ராணுவக் குடியிருப்பு அது, 1860கள்ல கட்ட ஆரம்பிச்சது, பின்னாடி என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவைக்குப் பசங்க சேர்றதுக்குப் போற இடமா இருந்துச்சு, இப்ப பூரா ரெஸ்டாரண்டு. வாழெல போட்டு சோறு, மீன்தலை கறி, சுத்தி இருக்கற கடைங்க வெலைய பாக்கறப்ப இது பரவால்ல. சைவம் சாப்டறவங்களா இருந்தா இட்லி கட்டிட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம்.

இப்ப சிட்டி ஹால் பக்கம். நேர்மையா சொல்லணும்னா, அப்பாவ மட்டும் தனியா கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன், இங்கதான். ஏன்னு கேட்டா ஸ்டேஷன விட்டு வெளிய வந்தவொடனயே செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல், பாலு மாதிரி வெள்ளையா. 1856லேர்ந்து 1861 வரைக்கும் அத கட்டுனது இந்தியாவுலேர்ந்து நாடு கடத்திக் கொண்டு வந்த கைதிங்க. அந்த வெள்ளைக்கு அவங்க பூசுனது மெட்ராஸ் சுண்ணாம்புங்கற கலவை, அதாவது சிப்பி சுண்ணாம்பு, முட்டை வெள்ளக்கரு, சர்க்கரை, தேங்கா மட்டைய ஊற வச்ச தண்ணி எல்லாம் கலந்து அரைச்சு, காஞ்சப்புறம் கல்ல வச்சுத் தேய்ச்சு மெருகேத்தறது. அப்பாகிட்ட இத நான் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடி அவரு விரல மடக்கி சுவத்த தட்டிப் பாத்துட்டாரு. செட்டிநாட்டு வீட்டுப் பூச்சும் இதே கைப்பக்குவம்தான். எத்தன நாள் புளிக்க வைக்கணும், எத்தன பேரு இடிக்கணும், முட்டைய எப்ப சேக்கணும்னு ஆரம்பிச்சவரு முக்கா மணி நேரம் விடல. மியூசியத்துக்கு வாங்கின டிக்கெட்டு வீணாப் போயிரும்னு நான் மணிய பாத்துட்டே நிக்கறேன், அவரு தூண் அடியில குனிஞ்சு பாத்துட்டு இருக்காரு.

அதத் தாண்டுனா பாடாங்குன்னு ஒரு பெரிய மைதானம், அதுக்கு எதிர்ல நேஷனல் கேலரி. ரெண்டு கட்டடத்த இணைச்சது, ஒண்ணு 1929ல முடிஞ்ச சிட்டி ஹால், இன்னொண்ணு 1939ல திறந்த பழைய உச்ச நீதிமன்றம், கேலரியா திறந்தது 2015 நவம்பர்ல. 1945 செப்டம்பர் 12ந் தேதி ஜப்பான்காரன் சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டது இங்கதான், 1959ல லீ குவான் இயூ பிரதமரா பதவி ஏத்ததும் இங்கதான். பாடாங்ல 1943 ஜூலைல நேதாஜி ஐஎன்ஏ, அதாவது இந்திய தேசிய ராணுவப் படைய நிறுத்திப் பேசுனாரு. தோட்டத்துல பால்மரம் வெட்டிட்டு இருந்த நம்ம பசங்களும் பொண்ணுங்களும் அந்தப் படைல நெறைய பேரு. அத நினைவுபடுத்த எஸ்பிளனேட் பார்க்ல ஒரு கல்லு இருக்கு, முதல்ல இருந்த நினைவுச் சின்னத்த பிரிட்டிஷ்காரங்க திரும்பி வந்தவொடன இடிச்சுட்டாங்க, இப்ப இருக்கறது 1995ல வச்சது. தெரியாம போனா தாண்டிப் போயிருவீங்க, அவ்ளோ சின்னது.

ஆத்தங்கரையில ஏசியன் சிவிலைசேஷன்ஸ் மியூசியம். இதுதான் எனக்கு சிங்கப்பூர்லயே புடிச்ச மியூசியம், பத்து தடவையாவது போயிருப்பேன். கீழ 9ம் நூற்றாண்டுல முழுகின ஒரு கப்பல்லேர்ந்து எடுத்த சீனப் பாத்திரங்க, அந்தக் கப்பல 1998ல பெலித்துங் தீவு பக்கம் கண்டுபுடிச்சாங்க, கிண்ணம் கிண்ணமா ஆயிரக்கணக்குல அடுக்கி இருந்துச்சு, நம்ம பாத்திரக்கட மாதிரியே இருக்கும். மேல மாடில சோழர் காலத்து வெண்கலச் சிலைங்க. அம்மா செருப்ப கழட்டணுமான்னு என்கிட்ட மெதுவா கேட்டாங்க, வேணாம்மா இது மியூசியம்னு சொன்னேன், சரின்னுட்டு கழட்டாமலே கையெடுத்துக் கும்பிட்டு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில்ல திருடு போன உமா பரமேஸ்வரி சிலை ஒண்ண இந்த மியூசியம் 2007ல ஒரு வியாபாரிகிட்ட காசு குடுத்து வாங்கிச்சு, விவரம் வெளிய வந்தப்புறம் 2015ல இந்தியாவுக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க. இத அம்மாகிட்ட சொன்னப்ப, "பாவம், எத்தன வருஷம் விளக்கில்லாம நின்னுச்சோ"ன்னாங்க. நான் நியூஸ்ல அத படிச்சப்ப எனக்கு அப்படி ஒரு கோணமே தோணல.

பெரனாக்கான் மியூசியம் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல, 2023ல புதுப்பிச்சுத் திறந்தாங்க. வெளியூர்லேர்ந்து வந்து இந்தப் பக்கத்து ஆளுங்கள கல்யாணம் பண்ணி வந்த வம்சத்துக்குப் பேருதான் பெரனாக்கான், சீனப் பெரனாக்கான் பத்திதான் எல்லாருக்கும் தெரியும், மலாக்கா செட்டிங்கன்னு நம்ம வழி வந்தவங்களும் அதுல உண்டு, மலாய் பேசுவாங்க, சாமி மட்டும் நம்ம சாமி. நேஷனல் மியூசியத்துல, 1887ல திறந்த கட்டடம் அது, சிங்கப்பூர் கல்லுன்னு ஒரு துண்டு வச்சிருந்தாங்க, ஆத்து முகத்துல இருந்த பெரிய கல்வெட்ட 1843ல வெடி வச்சு ஒடைச்சப்புறம் மிஞ்சின துண்டு. என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் யாராலயும் முழுசா படிக்க முடியல. அந்த மியூசியத்துல கட்டட வேல பகுதி பகுதியா நடந்துட்டு இருக்கறதால எந்த ஹால் திறந்திருக்குன்னு போறதுக்கு முன்னாடி வெப்சைட்ல பாத்துட்டு கெளம்புங்க.

பூங்கான்னு வேணும்னா ஃபோர்ட் கேனிங் இருக்கு, ஆனா அது குன்று. படி, படி, மறுபடியும் படி. அந்த வளைஞ்சு போற படிக்கட்டு மேல மரம் வட்டமா தெரியுமே, அந்த போட்டோவுக்கு ஒரு மணி நேரம் வரிசைல நிக்கறாங்க. முட்டி வலி இருக்கறவங்கள அங்க கூட்டிட்டுப் போறது பாவம்.

செலவு விஷயத்துல இங்க ஒரு கணக்கு இருக்கு. நாம சிட்டிசனோ பிஆரோ (நிரந்தரவாசி) ஆனா நேஷனல் கேலரி, ஏசியன் சிவிலைசேஷன்ஸ், நேஷனல் மியூசியம் நிரந்தரக் கண்காட்சிக்கெல்லாம் நமக்குக் காசு கிடையாது. ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு உண்டு, ஒவ்வொரு மியூசியத்துக்கும் தனித்தனியா. பெரியவங்களுக்கு சலுக இருந்தாலும் ரெண்டு பேரு, மூணு மியூசியம்னு போட்டா கூடிரும். அதவிட முக்கியம், டிக்கெட்டு வெலைய ரூபாய்ல மாத்திட்டாங்கன்னா முடிஞ்சுது, "நீ மட்டும் போயி பாத்துட்டு வாப்பா, நாங்க இங்க உக்காந்திருக்கோம்"னு வாசல்லயே உக்காந்துருவாங்க. எங்க வீட்ல நடந்துச்சு. அதுலேர்ந்து வெலைய சொல்றதே இல்ல, ஃப்ரீன்னு சொல்லி கார்ட தட்டிட்டு கூட்டிட்டுப் போயிருவேன்.

சிட்டி ஹால் ஜெயிக்கற எடம் மத்தியானம். ஏசி, லிஃப்ட், சுத்தமான டாய்லெட், எங்க பாத்தாலும் உக்கார எடம், நேஷனல் கேலரில வீல்சேர் கூட இரவல் குடுக்கறாங்க. மழ வந்தா கவலையே இல்ல, சிட்டி ஹால்லேர்ந்து எஸ்பிளனேட் வரைக்கும் பூமிக்கடியிலயே நடந்துரலாம். சாப்பாட்டுக்கு தோபி காட் போயி ஊதா லைன்ல ஒரே ஸ்டாப், லிட்டில் இந்தியா, கோமள விலாஸ்ல உக்காந்து சோறு. அந்த தோபி காட்ங்கற பேரே நம்ம ஊர் வண்ணாருங்க துணி தொவைச்ச எடங்கறதால வந்ததுதான், அந்த ஓடை இப்ப கண்ணுக்குத் தெரியாது.

மரினா பே பத்தி ரெண்டு வரி. பகல்ல வேணாம், அவ்ளோதான். அங்க கார்டன்ஸ் பை த பேங்கற தோட்டத்துல இருக்கற கண்ணாடி கூண்டு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, அந்த 35 மீட்டர் அருவி பெரியவங்களுக்கும் புடிக்கும், டிக்கெட்டுதான் கடிக்குது. ராத்திரி 7.45க்கும் 8.45க்கும் அங்கயே சூப்பர்ட்ரீங்கற செயற்கை மரங்கள்ல லைட் ஷோ ஃப்ரீ, எந்த நாள்ல வேணும்னாலும் வேல முடிச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போகலாம், அதுக்கு ஒரு முழு சனிக்கிழமைய குடுக்க வேணாம். பொண்டாட்டிகிட்டயும் இததான் சொன்னேன், வியாழக்கெழம ராத்திரி அவ கூட்டிட்டுப் போறதா ஒப்பந்தம்.

அப்ப ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணா என்னன்னு கேப்பீங்க, காலைல பூமலை, மத்தியானம் மியூசியம், நேப்பியர் ரோட்லேர்ந்து 7ம் நம்பர் பஸ்ஸு ஆர்ச்சர்ட் வழியா நேரா மியூசியம் பக்கத்து பிராஸ் பாசா போகுதே. பேப்பர்ல போட்டுப் பாக்க அழகா இருக்கும். நானும் பண்ணேன். அப்பா நேஷனல் கேலரில ஒரு பெரிய ஓவியம் முன்னாடி இருந்த பெஞ்சுல உக்காந்தபடியே தூங்கிட்டாரு, பக்கத்துல இருந்த செக்யூரிட்டி அக்கா தமிழ், "விடுங்க தம்பி, அலுப்பு, தூங்கட்டும்"னுட்டாங்க. முக்கா மணி நேரம் தூங்குனாரு. எந்திரிச்சதும் "நல்லாருந்துச்சுப்பா, ஜில்லுன்னு"னு சொன்னாரு.

அதனால அத்தை மாமாவுக்கு நான் முடிவு பண்ணது தங்ளின். மாமா ரிட்டயர்டு வாத்தியாரு, போர்டு ஒண்ணு விடாம படிப்பாரு, அவர மட்டும் பாத்தா சிட்டி ஹால்தான் சரி. ஆனா அத்தைக்கு சக்கரை, காலைல நடந்தே ஆகணும், அஞ்சு மணிக்கு எந்திரிக்கற ஆளு, பூ செடின்னா உயிரு, வீட்டு மாடில நாப்பது தொட்டி வச்சிருக்காங்க. மாமாவுக்கு ஹோல்ட்டம் ஹால் ஒண்ணு போதும், அவங்க சித்தப்பா வீட்டாளுங்க பினாங்குப் பக்கம் எஸ்டேட்ல இருந்தவங்க, அந்த ரிட்லி கதையே அவருக்கு ஒரு நாளுக்குத் தாங்கும். பத்தரைக்கு வெளிய வந்துரணும், பதினொண்ணுக்கு டெம்சி, வெயில் ஏறறதுக்குள்ள வீடு, மத்தியானம் தூக்கம். உங்க ஆளுங்க காலைல எட்டு ஒம்பதுக்கு மேல எந்திரிக்கறவங்களா இருந்தா, இல்ல டிசம்பர் மாதிரி மழ மாசத்துல வர்றாங்கன்னா, நான் எழுதுனத அப்படியே திருப்பிப் போட்டுக்கோங்க, சிட்டி ஹால்தான்.

நேத்து போன்ல இந்தத் திட்டத்த எல்லாம் அத்தைகிட்ட ஒப்பிச்சேன். யுனெஸ்கோ, 82 ஹெக்டேர், ஆர்க்கிட்டு, ரப்பர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "இட்லி கட்டிட்டுப் போகலாம்ல? ட்ரெயின்ல புடுங்கிக்க மாட்டானே?"ன்னு கேட்டாங்க. பைய திறக்காம இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க அத்தை, உள்ள சாப்ட்டாதான் 500 வெள்ளி வரைக்கும் அபராதம்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, மாமாகிட்ட ரூபாய்ல எவ்ளோன்னு கேட்டுட்டு இருந்தாங்க.